கறுப்புக் கதவில் ஒரு நண்டு

வாசலில் சுண்ணாம்பு வெந்துகொண்டிருக்கிறது. தகர டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது குமுறிக் கொதித்து, இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அந்த வாசனை அடுப்படி வரை வந்துவிட்டது. நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். உங்கள் சட்டைப் பையின் வாசனை அது. துரு, வியர்வை, பீடி எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வாசனைதான் இருக்கும்.

கிறிஸ்துமஸ் வருகிறது. தெருவில் எல்லாரும் வெள்ளையடிக்கிறார்கள். நம் வீடு மட்டும் அழுக்காக நின்றால், புருஷன் போனதும் இவளும் போய்விட்டாள் என்று பேசுவார்கள். அதற்காகத்தான் ஆள் வைத்தேன். வியாசர்பாடிக்காரர், இந்தத் தெருவுக்குப் புதிது. சுவரையெல்லாம் சுரண்டி முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தார்.

"யக்கா, கதவுல யாரோ சாக்பீஸால இன்னாவோ கிறுக்கி வெச்சிகீறாங்க. ஈரத்துணியால தொடச்சுட்டுத் தாரு அடிச்சுடவா?"

"மொதல்ல போய் டீ குடிச்சிட்டு வாய்யா. சுண்ணாம்பும் ஆறட்டும். அப்பால சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு பதில் வேண்டும். உங்களைக் கேட்காமலே குடும்பம் நடத்தியவள், இன்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு இருந்தவரை "யோவ்" என்று கூப்பிட்டவள் காகிதத்தில் "நீங்கள்" என்று எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். எட்டாவது வரை படித்ததற்கு இந்த மரியாதையாவது வரவேண்டாமா?

கதவில் இருக்கும் அந்த நண்டு உங்களுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எண்ணூர் கழிமுகத்து நண்டைக் கூடையில் போட்டு, ரயிலேறி ராயபுரத்துக்கு வந்து விற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றீர்கள். "இன்னா மே, எல்லாம் உசிரோட கீதா, செத்ததா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கைய வுட்டுப் பாரேன், அதுவே சொல்லும்" என்றேன். நீங்களும் பெரிய வீரர் மாதிரி கையை விட்டீர்கள். விரலில் தொங்கிய நண்டோடு நீங்கள் குதித்த குதியை மீன்காரிகள் எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறும் வந்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தீர்கள். நண்டு தின்று அலுக்காத மனுஷன் உலகத்தில் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மாதா கோயிலில்தான் கல்யாணம் என்று நீங்கள் சொன்னதும் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் பக்கத்திலும் அதே கதைதான். கப்பலில் வேலை வாங்கும் வெள்ளைக்கார இஞ்சினியரிடம் இதைச் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு "சாக் அண்ட் சீஸ்" என்றாராம். சாக்பீஸும் சீஸும் போல ஒட்டாத ஜோடி என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். "சீஸ்னா இன்னாய்யா?" என்று கேட்டேன். "பாலுல செய்றது. கலீஜா நாறும். தொரைங்க அத்தப் போய் ஆசையா துன்றாங்க" என்றீர்கள். என் மேல் எப்போதும் மீன் நாற்றம், உங்கள் மேல் எப்போதும் சாக்பீஸ் தூள். யார் எது என்று கேட்கவே வேண்டியதில்லை. அன்றிலிருந்து சண்டை வந்தால் நீங்கள் என்னை "ஏ சீஸு" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள்.

உங்கள் வேலை கப்பலின் அடிவயிற்றில். துறைமுகத்துக்குப் பழுது பார்க்க வரும் கப்பல்களின் தொட்டிகளுக்குள் இறங்கி, சுத்தியலால் துருவைக் கொத்தி எடுப்பது. ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு வாய், அதற்கு ஒரு இரும்பு மூடி. உள்ளே ஏணி. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினால் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. கல்யாணமான புதிதில் நீங்கள் தரையில் கரியால் வரைந்து காட்டியபோது எனக்கு மூச்சு முட்டியது.

"பயமே கெடையாது மே. அதுக்குன்னு ஒரு ஷோக்கான ஏற்பாடு கீது" என்றீர்கள். இறங்குகிற ஒவ்வொருவனும் தொட்டி வாய்க்குப் பக்கத்து இரும்பில் சாக்பீஸால் தன் அடையாளத்தைப் போட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே அதை அழிக்க வேண்டும். வேலை முடிந்து மேஸ்திரி மூடியைப் பூட்ட வரும்போது, ஒரு அடையாளம் மிச்சமிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாதிப் பேருக்கு எழுத வராது, அதனால் படம்தான். சிலுவை மட்டும் போடக்கூடாது. போட்டால் ராயபுரத்து ஆள் பாதிக்கு மேல் சிலுவையாகவே இருக்கும். உங்கள் தோஸ்து சவரிமுத்து அண்ணனுக்குக் காத்தாடி. மாஞ்சா போடுவதில் அவரை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆளில்லை. உங்களுக்கு முதலில் நங்கூரம். என்னைக் கட்டிய பிறகு நண்டுக்கு மாறிவிட்டீர்கள்.

அதை நீங்கள் கதவில் போட்டுக் காட்டினீர்கள். ஒரு வட்டம், இரண்டு பக்கமும் கோடுகள், முன்னால் இரண்டு கொக்கி. "இது நண்டா? சூரியனுக்கு வாதம் வந்த மாதிரி கீது" என்றேன். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா போதும். நீ ஒண்ணும் தொட்டிய மூடப் போறதில்ல" என்றீர்கள். அந்தக் கதவே கப்பலிலிருந்து வந்த பலகை. தார் பூசிப் பூசி ராத்திரி மாதிரி கறுத்திருந்தது. வெள்ளை நண்டு அதில் பளிச்சென்று நின்றது.

சாக்பீஸை நீங்கள் பார்த்துக்கொண்ட அழகை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கடல் காற்றில் நமுத்துவிட்டால் இரும்பில் எழுதாது, வழுக்கும். அதற்காகச் சாயங்காலம் வந்ததும் என் அடுப்பு மேடையில் வரிசையாகக் காயப் போடுவீர்கள். "கருவாடு காய வெக்கிற எடத்துல இது இன்னாய்யா?" என்று கத்துவேன். பள்ளிக்கூடத்து மெல்லிசான சாக்பீஸ் உங்களுக்கு ஆகாது. கப்பல் ஸ்டோரில் கிடைக்கும் முரட்டுக் கட்டிதான் வேண்டும். நான் மறந்துபோய் பையோடு சட்டையைத் துவைத்துவிட்டால், அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள்.

அந்த இஞ்சினியரிடமிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டு வந்தீர்கள். வேலை முடிந்ததா என்று யாரோ கேட்டபோது அவர் "நாட் பை எ லாங் சாக்" என்றாராம். கிட்டவே இல்லை, இன்னும் எவ்வளவோ பாக்கி கிடக்கிறது என்று அர்த்தமாம். ஆட்டத்தில் யார் முந்துகிறார்கள் என்று சாக்பீஸால் கோடு போட்டு வந்த காலத்துப் பேச்சு என்று அவர் சொன்னதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சோறு போதுமா? நாட் பை எ லாங் சாக். கோபம் தீர்ந்ததா? நாட் பை எ லாங் சாக். பிள்ளை இல்லையே என்று நான் அழுத அன்றும் "உனக்கு என்னப் புடிக்காமப் போச்சாய்யா?" என்று கேட்டதற்கு அதையேதான் சொன்னீர்கள். அன்று நான் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் சவரிமுத்து அண்ணனோடு போயிற்று.

அன்று மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. தொட்டி கொத்தியாயிற்று, எல்லாரும் ஏறி வந்தாயிற்று. நீங்கள் குனிந்து உங்கள் நண்டை அழித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னாலேயே ஏறி வந்த அண்ணனின் ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் துரு வாளி. "மாமு, என் காத்தாடியையும் சேத்து அழிச்சுடுய்யா. கை காலியில்ல" என்றார். நீங்கள் உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்துவிட்டுக் கை கழுவப் போனீர்கள். தோஸ்துக்குச் செய்கிற உதவி, அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வாளியைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்குச் சோற்றுத் தூக்கு உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் மனைவி ரோசம்மா அக்கா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தூக்கு. அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் கிடையாது. எடுத்துக்கொண்டு வர எவ்வளவு நேரமாகிவிடும் என்று, அடையாளம் போடாமலே இறங்கிவிட்டார். மேஸ்திரி வந்தார். இரும்பில் ஒன்றுமில்லை. மூடியைப் போட்டுப் பூட்டினார். உள்ளிருந்து அண்ணன் தட்டியிருப்பார். கப்பல் முழுக்கச் சுத்தியல் சத்தம். அதில் ஒரு தட்டு யாருக்குக் கேட்கும்?

அண்ணன் முன்னாலேயே கிளம்பிவிட்டார் என்று நினைத்து நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். பொழுது சாயும்போது ரோசம்மா அக்கா நம் வாசலுக்கு வந்தார். "அண்ணே, அவரு இன்னும் வூட்டுக்கு வரலியே. உங்கூடத்தானே வந்தாரு?" என்றார். உங்கள் வலது கையை விரித்துப் பார்த்தீர்கள். பிறகு செருப்புகூடப் போடாமல் துறைமுகத்துக்கு ஓடினீர்கள். மூடியைத் திறந்தபோது அண்ணன் ஏணியின் அடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூக்கு மடியில் இருந்ததாம். துரு பிடித்த தொட்டியை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் துரு தின்றுவிடும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

விசாரணையில் அடையாளம் போடாமல் இறங்கியது அவர் தப்பு என்று முடித்தார்கள். முன்னால் போட்டிருந்ததை யார் அழித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

"நான்தான் மே அழிச்சேன். இந்தக் கையால."

"அவரு சொல்லித்தானேய்யா அழிச்சே?"

"சொன்னா அழிச்சுடுறதா? அவனவன் மார்க்க அவனவன்தான் அழிக்கணும். அவன் அழிக்க வந்திருந்தா, அங்கயே நின்னிருப்பான். தூக்கு ஞாபகம் வந்திருக்கும். காத்தாடிய அழிக்காமலே எறங்கியிருப்பான்."

சாப்பாடு இறங்கவில்லை உங்களுக்கு. ரோசம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவளுக்கு எதற்கு இன்னொரு பாரம் என்று கேட்டேன். அப்போது எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயிலிலிருந்து நேராக நீங்கள் அவர் வீட்டுக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். அக்கா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தீர்கள். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தக் கை?"

நீங்கள் வலது கையை நீட்டினீர்கள். அவர் அந்த உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நம்மோடு பேசவே இல்லை. கோயிலில் நாம் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அவர் மறுபக்கம் போய்விடுவார். திருநாள் கூட்டத்தில் எதிரே வந்தால் தேர் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

நீங்கள் வேலையை விடவில்லை. வேறு என்ன தெரியும் நமக்கு? ஆனால் மூடியைப் பூட்டும் முன் தொட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொருவன் பேரையும் சொல்லிக் கத்துவீர்களாம். கடைசியில் சவரிமுத்து பேரையும் கூப்பிடுவீர்களாம். "இன்னா நைனா, டெய்லி இதே பேஜாரு" என்று மேஸ்திரி அலுத்துக்கொள்வாராம். இதெல்லாம் உங்களோடு வேலை செய்தவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது கதவுதான். அந்த முப்பதாம் நாளுக்குப் பிறகு, வேலை முடிந்து வந்ததும் சாக்பீஸை எடுத்துக் கதவில் நண்டு போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். காலையில் கிளம்பும்போது உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போவீர்கள். தெருவில் சிரித்தார்கள். "யோவ், இது வூடா, கப்பலா? மானம் போவுது" என்று நான் கத்தினேன்.

"நான் உள்ள கீறேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும் மே" என்றீர்கள்.

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் நான் கத்தவில்லை. மழை நாளில் சாக்பீஸ் நமுத்திருந்தால் நானே அடுப்பில் காயவைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்றுதான் அப்போது எதையும் சொல்லாமல் கொடுத்தேன்.

துரு உங்கள் நெஞ்சில் போய்ப் படிந்தது. இருமல் முதலில் வேலையை வாங்கிக்கொண்டது. பிறகு தூக்கத்தையும் வாங்கிக்கொண்டது. வெளியே போவதே கோயிலுக்கும் டீக்கடைக்கும்தான் என்று ஆனபோதும், போகும்போது அழிப்பதும் வரும்போது போடுவதும் நிற்கவில்லை. ஈஸ்டர் கழிந்து, வெயில் உச்சியில் இருந்த நாளில், உங்களைத் தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றினோம். வாசலைத் தாண்டும்போது கதவைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். எட்டவில்லை. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம். "வந்து அழிச்சுக்கலாம், வாய்யா" என்றேன். வழியில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பயமா கீதா?" என்று கேட்டேன். மூச்சு இழுத்தது. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வராவிட்டாலும் அந்த 'லாங் சாக்'தான் என்று எனக்குத் தெரியும்.

உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அன்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்தார்கள். ஒருத்தி வாளியும் துணியுமாகக் கதவைக் கழுவப் போனாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்திருப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"கைய எடு. போட்டவருதான் அத்த அழிக்கணும்."

ரோசம்மா அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்து துணியைப் பிடுங்கித் தூர எறிந்தார். பிறகு உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் மண்டியிட்டார். ஜெபமாலை சுற்றியிருந்த உங்கள் வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, தன் முந்தானையால் துடைத்தார். மெதுவாக, விரல் விரலாகத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. நீங்கள் கண்ணைத் திறந்து அதைப் பார்க்கவில்லையே என்று உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள், இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?

அடைமழையிலும் நண்டு அழியவில்லை. தாழ்வாரத்து ஓடு காப்பாற்றியிருக்கிறது. ஈரக்காற்றில் ஒரு பக்கத்துக் கால்கள் மங்கிவிட்டன. ஒரு கொக்கி போய்விட்டது. அடுப்பு மேடையில் உங்கள் சாக்பீஸ் கட்டி ஒன்று மிச்சமிருக்கிறது. எடுத்து மேலே ஒரு இழுப்பு இழுத்தால் புதிதாகிவிடும். செய்ய மாட்டேன். அது உங்கள் கை போட்டது.

ஆள் வந்துவிட்டார், பதிலும் சொல்லியாயிற்று. அதையும் எழுதிவிட்டு மடித்து வைக்கிறேன்.

துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே, "இன்னா யக்கா, தொடச்சுடவா?" என்றார்.

"தொடாதே. அத்த வுட்டுட்டு சுத்தித் தாரு அடி."

"இன்னாக்கா இது, ஏதாவது வேண்டுதலா?"

"உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டாக இருந்தது. துணியை மெதுவாக வாளியில் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தூங்குறாரா?"

"ஆமாய்யா" என்றேன். "சத்தம் போடாம அடி."